ஒரு சிறிய கப்பியும் ஓட்டை விழுந்த பிஸ்டனும்

மாணவர்களே, கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒரு கார் பட்டறை உண்டு. அதன் முகப்பு மேசையில் சிறிய கிண்ணம் போல ஒரு பொருள் எப்போதும் கிடக்கும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் அது ஒரு பிஸ்டன் என்று தெரியும். உள்ளங்கையை நிறைக்கின்ற அலுமினிய உருளை. அதன் தலையின் ஓரத்தில், பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி உலோகம் மெழுகு போல வழிந்து உறைந்திருக்கின்றது.

பட்டறைக்காரர் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கின்றது. "பூஸ்ட்ட மட்டும் ஏத்திக் குடுங்கண்ணே, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று வரும் இளைஞர்களின் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பார்.

அந்த "மற்றதெல்லாம்" என்ன என்பதுதான் இவ்வாரக் கட்டுரை. உங்களில் படிவம் 4, 5 மாணவர்கள் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடுவீர்கள். வீட்டில் அண்ணனோ மாமாவோ காரின் சக்தியைக் கூட்டப்போவதாக ஏற்கெனவே கிளம்பியிருக்கலாம். பூஸ்ட்டை ஏற்றுவது அரை நாள் வேலை. ஏற்றிய பிறகு என்ஜினுக்கு மறுபடியும் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் பெரிய வேலை. அந்தக் கணக்கில் நீங்கள் இயற்பியல் வகுப்பில் படிக்கின்ற வாயு விதிகள் அப்படியே வருகின்றன.

காற்றைத் தின்னும் இயந்திரம்

கார் என்ஜினைப் பெட்ரோல் குடிக்கும் இயந்திரம் என்றே நாம் நினைக்கிறோம். அது அதிகம் தின்பது காற்றைத்தான். 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் திரவம், கூடுதலாக ஒரு துளி தெளித்தால் போதும். காற்றை அப்படிக் கூட்ட முடியாது. சிலிண்டரின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அழுத்தித் திணிக்க வேண்டும். திணிக்கின்ற கருவிதான் சூப்பர்சார்ஜர். வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் அது எவ்வளவு கூடுதல் அழுத்தம் தருகின்றதோ, அதைத்தான் பூஸ்ட் என்கிறோம்.

டர்போசார்ஜரும் இதே வேலையைச் செய்கின்றது. ஆனால் டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்கின்றது. சூப்பர்சார்ஜரை என்ஜினே ஒரு பட்டை வழியாகச் சுழற்றுகின்றது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு காரை வைத்துக்கொள்வோம்: 2002 முதல் 2006 வரை விற்ற மினி கூப்பர் எஸ். ரசிகர்கள் அதை 'ஆர்53' என்று அழைப்பார்கள். 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், 163 குதிரைத்திறன். என்ஜின் பிரேசிலில் தயாரானது. அதன் பக்கத்தில் ஈட்டன் நிறுவனத்தின் எம்45 என்னும் சூப்பர்சார்ஜர். முடுக்கியை மிதித்தால் விசில் போல ஓர் ஓசை எழும். எனக்கு இந்தக் காரைப் பிடிக்கும் என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் உண்டு. இதன் பூஸ்ட்டை ஏற்றுவது மிக மிக எளிது, அதனால் தவறு செய்வதும் எளிது.

எம்45 என்ற பெயரிலுள்ள 45, ஒரு முழுச் சுற்றில் அது தள்ளுகின்ற காற்றின் கன அளவு: 45 கன அங்குலம், அதாவது சுமார் 0.74 லிட்டர். உள்ளே இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று உரசாமல் பின்னிச் சுழன்று காற்றை வாரி மறுபக்கம் தள்ளுகின்றன. இந்த அமைப்புக்கு வயது 160 ஆண்டுகளுக்கு மேல். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றபோது காரே பிறக்கவில்லை. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊத அது பயன்பட்டது.

இப்போது கணக்கு. 1.6 லிட்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எல்லாச் சிலிண்டர்களையும் நிரப்பும். ஆகவே ஒரு சுற்றுக்கு 0.8 லிட்டர் விழுங்கும். சூப்பர்சார்ஜரோ என்ஜினைப் போல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் சுழன்று, அதே நேரத்தில் கிட்டத்தட்ட 1.5 லிட்டரைத் தள்ளுகின்றது. 0.8 லிட்டர் இடத்தில் 1.5 லிட்டர் காற்று! இடம் போதாத காற்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றது. அந்த நெருக்கடிதான் பூஸ்ட்.

சூப்பர்சார்ஜரின் முனையில் பட்டை ஓடும் சிறு சக்கரம் ஒன்று இருக்கும். பள்ளிப் பாடத்தில் அது கப்பி. பட்டறையில் 'புல்லி' என்றால்தான் புரியும். அதைக் கழற்றிவிட்டு 15 விழுக்காடு சிறிய கப்பியைப் பொருத்தினால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும். எவ்வளவு வேகமாக? 15 விழுக்காடு என்று சொல்ல வாய் வரும். ஒரு நிமிடம் பொறுங்கள். 1ஐ 0.85ஆல் வகுத்தால் 1.176. ஆக 17.6 விழுக்காடு. (இந்தக் காரில் தண்ணீர்ப் பம்பையும் சூப்பர்சார்ஜர்தான் சுழற்றுகின்றது. கப்பியை மாற்றினால் அதுவும் சேர்ந்து வேகமாக ஓடும். ஒன்றைத் தொட்டால் எத்தனை அசைகின்றன பாருங்கள்.)

31 விழுக்காடு எங்கே போனது?

பழைய கப்பியில் பூஸ்ட் 0.8 பார், புதிய கப்பியில் 1.05 பார் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காருக்கு இவை நடைமுறைக்கு நெருக்கமான எண்கள்தாம். 0.8இலிருந்து 1.05 என்றால் 31 விழுக்காடு உயர்வு. சக்தியும் 31 விழுக்காடு கூடுமா?

கூடாது. அழுத்தமானியில் காண்பது வளிமண்டலத்திற்கு மேலுள்ள அழுத்தம் மட்டுமே. காற்றின் முழு அழுத்தத்தைக் காண வளிமண்டலத்தின் 1 பாரையும் கூட்ட வேண்டும். 1.8இலிருந்து 2.05. உயர்வு 14 விழுக்காடுதான். பாதிக்கும் மேல் காணாமல் போய்விட்டது, இல்லையா? இன்னும் முடியவில்லை.

மிதிவண்டிக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டிருக்கிறீர்களா? சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். நம் ஊர் மதிய வெப்பம் 33 பாகை செல்சியஸ், அதாவது 306 கெல்வின். வெப்பம் வெளியே கசியாமல், துளியும் வீணின்றி 1.8 மடங்கு அழுத்தினால் காற்று 89 பாகையை எட்டும். ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் அவ்வளவு சிக்கனமானதல்ல. அதன் திறனை 60 விழுக்காடு என்று எடுத்தால் காற்று 126 பாகைக்குப் போகின்றது. 2.05 மடங்குக்கோ 149 பாகை! கொதிநீரைவிடச் சூடான காற்று.

அதைக் குளிர்விக்கத்தான் என்ஜின் மேல் 'இன்டர்கூலர்' இருக்கின்றது. காரின் முன்மூடியிலுள்ள வாய் வழியாக வரும் காற்று அதன் மேல் வீசும். பழைய பூஸ்ட்டில் அது காற்றை 60 பாகைக்கு இறக்கியது, புதிய பூஸ்ட்டில் வேலை கூடிப்போனதால் 70 பாகைக்குத்தான் இறக்க முடிந்தது என்று கொள்வோம். சூடான காற்று விரிந்திருக்கும். அதே இடத்தில் குறைவான மூலக்கூறுகளே இருக்கும். அடர்த்தி அழுத்தத்திற்கு நேர்விகிதம், கெல்வின் வெப்பநிலைக்கு எதிர்விகிதம். வெளிக்காற்றோடு ஒப்பிட்டால் பழைய நிலையில் 1.65 மடங்கு, புதிய நிலையில் 1.83 மடங்கு. வித்தியாசம் 11 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

31 என்று தொடங்கியது 11இல் வந்து நின்றது. இதுவும் இலவசமில்லை. அத்தனை காற்றை அழுத்தும் சக்தி எங்கிருந்து வருகின்றது? என்ஜினிடமிருந்தே. நிமிடத்திற்கு 6000 சுற்றில் நம் என்ஜின் நொடிக்கு ஏறத்தாழ 137 கிராம் காற்றை விழுங்குகின்றது. அவ்வளவு காற்றை 93 பாகை சூடாக்க வேண்டிய ஆற்றலைக் கணக்கிட்டால், சூப்பர்சார்ஜர் தன் பங்காகச் சுமார் 13 கிலோவாட்டை எடுத்துக்கொள்கின்றது. சிறிய கப்பியில் அது கிட்டத்தட்ட 18 கிலோவாட். அதாவது 17 குதிரைத்திறன் தின்றது இப்போது 24 தின்கின்றது.

கல்யாணச் சமையலும் என்ஜின் கணினியும்

இனி எரிபொருள். காற்று 11 விழுக்காடு கூடினால் பெட்ரோலும் 11 விழுக்காடு கூட வேண்டும். யார் அளந்து ஊற்றுவது? என்ஜின் கணினி. அதற்குச் சிந்திக்கத் தெரியாது. ஓர் அட்டவணையைப் பார்த்து நடக்கத்தான் தெரியும். அட்டவணையின் ஒரு பக்கம் என்ஜினின் சுழற்சி வேகம், மறுபக்கம் காற்றின் அழுத்தம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எவ்வளவு பெட்ரோல் என்ற எண் இருக்கும். நொடிக்குப் பலமுறை அது இந்த அட்டவணையைப் புரட்டுகின்றது.

கல்யாண மண்டபச் சமையல்காரர் ஒருவர் சுவரில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். 300 பேருக்கு இவ்வளவு அரிசி, 400 பேருக்கு இவ்வளவு, 500 பேருக்கு இவ்வளவு. தாள் அத்துடன் முடிகின்றது. அன்றைக்கு 560 பேர் வந்துவிட்டார்கள். தாளை மட்டுமே நம்புகின்ற உதவியாளர் என்ன செய்வார்? கடைசி வரியைப் பார்த்து 500 பேருக்கு உலை வைப்பார். தொழிற்சாலை போட்ட அட்டவணைக்கும் இப்படி ஒரு கடைசி வரி உண்டு. பூஸ்ட் அதைத் தாண்டினால் கணினி கடைசி வரியிலேயே நின்றுவிடும். காற்று 560 பேருக்கு, பெட்ரோல் 500 பேருக்கு.

மெதுவாக ஓட்டும்போது இது தெரியாது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரி 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்ல, கணினி திருத்திக்கொள்ளும். ஆனால் முடுக்கியை முழுதாக மிதிக்கும்போது பல கார்களில் கணினி அந்தத் திருத்தத்தை ஒதுக்கிவிட்டு அட்டவணையை மட்டுமே நம்பும். ஆபத்தான நேரத்தில்தான் உதவி இல்லை.

அட்டவணையைத் திருத்தினால் போதுமா? பெட்ரோலைத் தெளிக்கின்ற 'இன்ஜெக்டர்' ஒரு மின்குழாய், திறக்கும், மூடும். 6000 சுற்றில் ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சிக்கு 20 மில்லிநொடிதான் இருக்கின்றது. முன்பு 14 மில்லிநொடி திறந்திருந்த இன்ஜெக்டர் இப்போது 15.5 மில்லிநொடி திறந்திருக்க வேண்டும். சமாளிக்கலாம். 7000 சுற்றுக்கு ஏற்றினாலோ மொத்த நேரமே 17 மில்லிநொடியாகச் சுருங்கிவிடுகின்றது. அதே 15.5 மில்லிநொடி என்றால் 90 விழுக்காடு நேரம் திறந்தே இருக்கின்றது. மூடித் திறக்க நேரமில்லை, கைவசம் மிச்சமும் இல்லை. அந்நிலையில் அட்டவணையில் எந்த எண்ணை எழுதினாலும் பயனில்லை. பெரிய இன்ஜெக்டர் வாங்கத்தான் வேண்டும். வாங்கிய உடனே பழைய அட்டவணை முழுவதும் தவறாகிவிடும். ஏனென்றால் புதியது ஒரு மில்லிநொடியில் தெளிப்பது வேறு அளவு.

இன்னொரு நுணுக்கம். முழு பூஸ்ட்டில் 14.7க்கு 1 என்ற விகிதத்தில் யாரும் ஓட்டுவதில்லை. பெட்ரோலைக் கூட்டி 12க்கு 1 என்ற அளவில் வைப்பார்கள். எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். வீண்தான். ஆனால் அந்த வீணுக்குள் ஒரு காப்பு இருக்கின்றது. எதிலிருந்து காப்பு என்றால், மேசை மேல் கிடந்த பிஸ்டனைத் துளைத்த அதே எதிரியிடமிருந்து.

தட்டல்

ஸ்பார்க் பிளக்கில் பொறி பறந்தவுடன் சிலிண்டரில் உள்ள கலவை முழுதும் ஒரேயடியாக வெடிப்பதில்லை. பிளக்கிலிருந்து தீ ஓர் அலையாகப் பரவுகின்றது. பரவுவதற்கு ஓரிரு மில்லிநொடி ஆகும். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறியைக் கொடுத்துவிட வேண்டும். உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 15 பாகை இறங்கும்போது அழுத்தம் உச்சம் அடைந்தால், கிராங்க் தண்டை நன்றாகத் தள்ளும். ஊஞ்சலை எப்போது தள்ளினால் உயரப் போகும் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதே கதைதான்.

இப்போது பூஸ்ட் கூடியிருக்கின்றது. கலவை அடர்த்தியானது, சூடானது, வேகமாக எரியக்கூடியது. பழைய நேரத்திலேயே பொறி பறந்தால் அழுத்தம் சீக்கிரமே உச்சத்திற்குப் போகும். பிஸ்டன் இன்னும் மேலே இருக்கும்போதே தீயலை முன்னேறி, ஓரத்தில் எரியாமல் காத்திருக்கும் கலவையை நசுக்குகின்றது. நசுங்கிச் சூடாகும் அந்த மிச்சக் கலவை தீ தன்னை எட்டுவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டு, ஒரே நேரத்தில் வெடிக்கின்றது. இதுதான் தட்டல், பட்டறைமொழியில் 'நாக்கிங்'. கேட்பதற்குத் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலிருக்கும்.

அந்த ஓசையின் அதிர்வெண்ணை உங்களால் கணிக்க முடியும். வெடிப்பின் அழுத்த அலை சிலிண்டரின் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகின்றது. சிலிண்டரின் விட்டம் எவ்வளவோ அதற்கேற்ற சுருதியில் அது ஒலிக்கும். நம் மினியின் சிலிண்டர் விட்டம் 77 மில்லிமீட்டர். எரிந்த வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 950 மீட்டர். கணக்கிட்டால் 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் வருகின்றது. சிறிய மிருதங்கத்தில் சுருதி உயரும், பெரியதில் இறங்கும் என்பது போலத்தான். 1930களில் இந்தத் தொடர்பை ஆராய்ந்தவர் சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர். பின்னாளில் அப்பொல்லோ விண்கலங்களை நிலவுக்கு வழிநடத்திய கணினியை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவரும் இவரே!

இன்றைய கார்களில் என்ஜின் சுவரில் ஓர் உணரி இந்தச் சுருதியை மட்டும் காத்திருந்து கேட்கின்றது. கேட்டதும் கணினி பொறியைத் தாமதப்படுத்தும். நல்ல காவலாளிதான். ஆனால் திருடன் உள்ளே வந்த பிறகு குரல் கொடுக்கும் காவலாளி.

தட்டல் ஏன் பிஸ்டனைத் துளைக்கின்றது? எரியும் வாயுவின் வெப்பம் 2000 பாகைக்கும் மேல். பிஸ்டனின் அலுமினியக் கலவையோ 600 பாகை வாக்கிலேயே உருகத் தொடங்கிவிடும். அப்படியானால் ஒவ்வொரு பிஸ்டனும் முதல் நாளே உருகியிருக்க வேண்டுமே? உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய வாயுப் படலம் ஒன்று போர்வை போல அதைக் காக்கின்றது. தட்டலின் அழுத்த அலைகள் அந்தப் போர்வையை உரித்துவிடுகின்றன. வெப்பம் நேரே உலோகத்தில் பாய்கின்றது. பெட்ரோலும் குறைவாக இருந்தால் குளிர்விக்கவும் ஆளில்லை.

கிள்ளான் பிஸ்டனின் கதை அதுதான். உரிமையாளர் இளைஞர். கப்பியை வாங்கி ஒரு சனிக்கிழமை மாலையில் தானே பொருத்திவிட்டார். மூன்று வாரம் கார் பறந்தது. அலுவலகம் போய் வந்த வழியில் பூஸ்ட் முழுதாக எழுந்ததே சில நொடிகள்தாம். பிறகு ஒரு மதியம், நான்கு பேரோடு காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம். முடுக்கி தரையோடு ஒட்டியிருந்தது. பாட்டுச் சத்தத்தில் கூழாங்கல் ஓசை யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடியில் நீலப் புகையைக் கண்டபோது ஓட்டை விழுந்து முடிந்திருந்தது.

ஆக்டேன் என்றால் சக்தியா?

பெட்ரோல் நிலையத்தில் ரோன்95, ரோன்97 என்று பார்த்திருப்பீர்கள். 97இல் அதிக சக்தி இருக்கின்றது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அந்த எண், தட்டலைத் தாங்கும் திறனைக் குறிப்பது. ஐசோ-ஆக்டேன் என்ற சேர்மத்திற்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவுக்குத் தட்டலைத் தாங்குமோ, அதே அளவு தாங்குவது ரோன்95. சாதாரணக் காருக்கு 97 ஊற்றுவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தட்டலின் விளிம்பில் நிற்கும் என்ஜினுக்கோ அந்த இரண்டு எண்கள் பெரிய விஷயம்.

எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1940ஆம் ஆண்டு காட்டியது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் என்ஜின், சூப்பர்சார்ஜரோடு. 87 ஆக்டேன் எரிபொருளில் அதன் பூஸ்ட் சதுர அங்குலத்திற்கு 6¼ பவுண்டுதான். அதற்கு மேல் போனால் தட்டல். அந்த ஆண்டு 100 ஆக்டேன் எரிபொருள் வந்தது. பூஸ்ட் கட்டுப்பாட்டைத் திருத்தி 12 பவுண்டு வரை அனுமதித்தார்கள். சுமார் 1000 குதிரைத்திறன் என்ஜின் 1300ஐத் தாண்டியது. இரும்பெல்லாம் அதே இரும்பு. மாறியது எரிபொருளும் பூஸ்ட்டும்தான். ஆனால் விதி கடுமையானது: அந்த பூஸ்ட் அவசரத்திற்கு மட்டும், அதுவும் 5 நிமிடத்திற்கு மேல் கூடாது. பயன்படுத்திய விமானி தரையிறங்கியதும் அதைப் பதிவு செய்ய வேண்டும், என்ஜினைச் சோதிக்க. உயிரைப் பணயம் வைத்த போரிலும் என்ஜினின் கணக்கை மறக்கவில்லை.

மறுபடியும் கணக்குச் சொல்லிக் கொடுத்தல்

முறையான 'டியூனிங்' எப்படி நடக்கின்றது? காரை 'டைனோ' என்னும் உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டுவார்கள். சக்கரம் சுழலும், கார் நகராது; உருளைகள் இழுவிசையை அளக்கும். புகைக்குழாயில் காற்று-பெட்ரோல் விகிதத்தை நுட்பமாகக் காட்டும் உணரி ஒன்று சேரும். முன்னால் பெரிய காற்றாடி.

முதல் ஓட்டத்திலேயே சக்தியைத் தேடுபவர் நல்ல டியூனர் அல்லர். பெட்ரோலைத் தாராளமாக வைத்து, பொறியை வேண்டுமென்றே தாமதித்துத்தான் தொடங்குவார். சதுர அங்குலத்திற்கு ஒரு பவுண்டு பூஸ்ட் கூடினால் பொறியை ஏறத்தாழ 1 பாகை தாமதிப்பது பட்டறைகளில் வழங்கும் தொடக்கக் கணக்கு. நம் 0.25 பார் என்பது 3.6 பவுண்டு, ஆக மூன்று, நான்கு பாகை. 6000 சுற்றில் 1 பாகை என்பது 28 மைக்ரோநொடி. கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான பாகைகள் ஓடிவிடும்.

பிறகு குறைந்த சுமையில் தொடங்கி அட்டவணையின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்துவார். சில டியூனர்கள் என்ஜின் சுவரில் ஒரு ஒலிவாங்கியைப் பொருத்திக் காதில் மாட்டிக்கொள்வார்கள், மருத்துவரைப் போல. பெட்ரோல் விகிதம் ஒழுங்கான பிறகுதான் பொறி. 1 பாகை முன்னே நகர்த்துவார், ஓட்டுவார், பார்ப்பார். இழுவிசை கூடுகின்றதா? இன்னொரு பாகை. கூடுவது நின்றாலோ, காதில் லேசாகக் கூழாங்கல் விழுந்தாலோ உடனே நிறுத்தி, ஓரிரு பாகை பின்வாங்குவார். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் இடையில் என்ஜினை ஆறவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் நிறத்தைப் பார்ப்பதும் உண்டு. அலுமினியத் துகள் மினுக்கினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

ஆறிய என்ஜினில் கிடைத்த எண்களை நம் ஊரில் அப்படியே நம்பக்கூடாது. அதனால் ஆறவிடாமல் மூன்று, நான்கு முறை தொடர்ந்து ஓட்டி, இன்டர்கூலர் சூடேறிய பிறகும் தட்டல் வரவில்லை என்று பார்த்த பின்னரே ஒப்படைப்பார்கள். மலைப்பகுதி இதற்கு நேர்மாறு. கேமரன் மலையில் வளிமண்டல அழுத்தமே சுமார் 0.85 பார்தான். சூப்பர்சார்ஜர் வாருவதே மெலிந்த காற்று, அதனால் பூஸ்ட்டும் குறையும். அட்டவணையின் நடுக்கட்டங்களும் சரியாக இருக்க வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

இதையெல்லாம் பட்டறைக்காரர்களின் வீண் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். கார் நிறுவனமே இப்படித்தான் செய்தது. மினி கூப்பர் எஸ்ஸுக்கு 'ஜான் கூப்பர் ஒர்க்ஸ்' என்ற பெயரில் 200 குதிரைத்திறன் தொகுப்பு ஒன்று விற்றார்கள். அதில் சிறிய கப்பி மட்டுமா இருந்தது? மாற்றியமைத்த சூப்பர்சார்ஜர், புதிய சிலிண்டர் தலை, புகைக்குழாய், கணினிக்குப் புதிய மென்பொருள். பிறகு 210க்கு உயர்த்தியபோது பெரிய இன்ஜெக்டர்களும் சேர்ந்தன. அந்தக் காரின் அழுத்த விகிதத்தைக்கூடத் தொடக்கத்திலேயே 8.3க்கு 1 என்று தாழ்த்தி வைத்திருந்தார்கள். சூப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண கூப்பரில் அது 10.6க்கு 1. தட்டலுக்குப் பயந்துதான்.

சட்டம் பற்றி ஒரு வரி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் என்ஜினில் மாற்றம் செய்வதற்கு முன் அங்குள்ள போக்குவரத்துத் துறையின் விதிகளைப் பார்த்தாக வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும்.

அந்த இளைஞரின் கார் பிறகு சரியானது. நான்கு பிஸ்டன்களும் புதியவை, இன்ஜெக்டர்கள் பெரியவை, அட்டவணை புதிது. கப்பி மட்டும் அதே சிறிய கப்பி. ஒருநாள் முழுக்க டைனோவில் நின்ற பிறகு சாவியைக் கொடுக்கும்போது, பட்டறைக்காரர் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார். "ரோன்97 மட்டும்" என்று தடித்த பேனாவில் எழுதியிருந்தது. "எனக்குத் தெரியும்ணே, எதுக்கு எழுதி ஒட்டறீங்க?" என்றாராம் அவர். "ஒனக்கில்லப்பா. வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி எண்ண ஊத்துவான்ல ஒன் தம்பி, அவனுக்கு" என்றாராம் பட்டறைக்காரர்.